மெடிக்கல் போர்டு ஆர்டர் வந்தாச்சு, பழைய மாதங்களுக்கான பணம்? ஈ.எஸ்.ஐ ஊனப் பென்ஷன் நிலுவைக்கு ஒரு வழிகாட்டி

மெஷினில் விரல் போய், ஆஸ்பத்திரி, லீவு, ஊனத்தை மதிப்பிடும் மெடிக்கல் போர்டு எல்லாம் முடிந்து, "உங்களுக்கு இத்தனை சதவீதம் ஊனம்" என்ற தாள் கைக்கு வந்ததும் திருப்பூர்ப் பக்கம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இனி மாசாமாசம் எவ்வளவுங்க வரும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மாதத் தொகைக்கு முன்னால் மொத்தமாக ஒரு தொகை வர வேண்டியிருக்கிறது. லீவு முடிந்த நாளிலிருந்து போர்டு தாள் வந்த நாள் வரை போன மாதங்களுக்கான பணம் அது. ஆபீசில் அதை அரியர்ஸ் என்பார்கள். பலருக்கு அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் என்று தெரிவதே இல்லை. பேங்க்கில் ஏதோ ஒரு தொகை ஏறுகிறது, சரி என்று வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்தத் தொகையை நீங்களே போட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி என்று ஈ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ள இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கானது. தறி ஓட்டுகிறவர்களுக்கு வேறு வழி, அதைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு உரிமை இருக்கிறதா

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ உண்டு. ஏற்கெனவே மாற்றுத்திறனாளியாக இருந்து வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் 25,000 வரை. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டிலேயே இந்தத் திட்டம் முதலில் வந்தது கோயமுத்தூருக்குத்தான், 1955-ல், மில் தொழிலாளர்களுக்காக. அப்படியிருந்தும் நம் ஊரில் பாதிப் பேர் அதை "மாத்திரை வாங்கற எடம்" என்று மட்டும்தான் நினைத்திருக்கிறார்கள்.

காய்ச்சல், தலைவலிக்கு லீவு எடுத்துப் பணம் வாங்க இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வேலையில் நடந்த விபத்துக்கு அந்தக் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாளே கை மாட்டினாலும் உரிமை உண்டு. 2010 ஜூன் 1 முதல், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கிற விபத்தும் வேலைக் காயமாகவே கொள்ளப்படும். கம்பெனி வேன் கவிழ்ந்தாலும் சரி, பல்லடம் ரோட்டில் பைக்கில் போகும்போது லாரி இடித்தாலும் சரி. நேரமும் வழியும் வேலையோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

எந்தத் தேதியிலிருந்து

நிலுவை விஷயத்தில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விதான். நிதானமாகப் படியுங்கள்.

காயம் பட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தருவது தற்காலிக ஊன உதவித்தொகை. தினச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான். விபத்து நடந்த நாளைக் கழித்து, குறைந்தது மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ டாக்டர் முதல் சர்டிபிகேட், இடையில் தொடர் சர்டிபிகேட்டுகள், கடைசியில் "இன்ன தேதியிலிருந்து வேலைக்குப் போகலாம்" என்று இறுதிச் சர்டிபிகேட் தருவார்.

அந்த இறுதிச் சர்டிபிகேட்டோடு தற்காலிக உதவி நிற்கிறது. அடுத்த நாளே நிரந்தர ஊன உதவித்தொகை, அதாவது நாம் சொல்கிற ஊனப் பென்ஷன், தொடங்குகிறது. போர்டு உட்கார்ந்த நாளோ ஆர்டரில் கையெழுத்தான நாளோ கணக்கில் வராது. போர்டு எட்டு மாதம் கழித்துக் கூடினாலும், ஒன்றரை வருடம் கழித்துக் கூடினாலும், உங்கள் பென்ஷன் பழைய தேதியிலிருந்துதான் ஓடுகிறது. இடைப்பட்ட மாதங்கள் மொத்தமும் நிலுவை. தற்காலிக உதவியே வாங்காதவர் என்றால் விபத்து நடந்த தேதியிலிருந்து.

பென்ஷன் வாழ்நாள் முழுக்க வரும். திரும்ப அதே கம்பெனியில் அதே சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் வரும். "வேலைக்குப் போயிட்டா பென்ஷன் நின்னுரும்" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தப் பயத்தில் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே, முதல் வேலையாக அந்த இறுதிச் சர்டிபிகேட்டைத் தேடி எடுங்கள். தேதி மங்கலாக இருந்தால் டிஸ்பென்சரியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிலர் அதை வாங்காமலே, சூப்பர்வைசர் போன் பண்ணினார் என்று கட்டோடு வேலைக்குப் போய்விடுவார்கள். கம்பெனி ரிஜிஸ்டரில் வருகை விழுந்திருக்கும், ஈ.எஸ்.ஐ கணக்கில் லீவு தொடர்ந்துகொண்டிருக்கும். பிறகு எந்த நாளோடு தற்காலிக உதவி முடிந்தது என்பதிலேயே இழுபறி வரும். சம்பளம் வாங்கிய நாளுக்கே தற்காலிக உதவியும் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்பார்கள், நிலுவையிலிருந்து பிடித்துக்கொள்ளவும் பார்ப்பார்கள்.

நீங்களே கணக்குப் போடுவது

மூன்று எண்கள் வேண்டும்: தினச் சராசரிச் சம்பளம், போர்டு கொடுத்த சதவீதம், நாட்கள்.

சராசரிச் சம்பளத்தை விபத்து நடந்த மாதத்தை வைத்துப் போட மாட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கான விபத்துகளுக்குப் பேசும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தா ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. அந்த ஆறு மாதத்தில் கணக்கில் காட்டிய மொத்தச் சம்பளத்தை, சம்பளம் கொடுத்த நாட்களால் வகுத்தால் வருவதுதான் தினச் சராசரி. புதிதாகச் சேர்ந்தவருக்கு, சேர்ந்த பிறகு வாங்கிய சம்பளத்தை வைத்துப் பார்ப்பார்கள்.

ஓர் உதாரணம். கட்டிங் செக்‌ஷனில் ஒருவர். தினச் சராசரி 500 ரூபாய். 2024 மார்ச் 10-ல் கட்டிங் மெஷினில் கட்டைவிரல் போய்விடுகிறது. இறுதிச் சர்டிபிகேட் ஜூன் 30 வரை. போர்டு முடிவு வந்து பணம் போடுவது 2025 பிப்ரவரி மாதக் கணக்கோடு என்று வையுங்கள்.

மார்ச் 11 முதல் ஜூன் 30 வரை 112 நாள். 500-ல் 90 சதவீதம் 450. ஆக, தற்காலிக உதவி 50,400 ரூபாய். இது அப்போதைக்கப்போதே வந்திருக்க வேண்டும்.

கட்டைவிரல் முழுதும் போனதற்குச் சட்ட அட்டவணையில் 30 சதவீதம். 450-ல் 30 சதவீதம் 135. இதுதான் அவருடைய தினசரி பென்ஷன் விகிதம். ஜூலை 1 முதல் 2025 பிப்ரவரி 28 வரை 243 நாள். 243-ஐ 135-ஆல் பெருக்கினால் 32,805 ரூபாய் நிலுவை. அதற்குப் பிறகு 30 நாள் மாதத்துக்கு 4,050, 31 நாள் மாதத்துக்கு 4,185.

ஆறாவது வகுப்புப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு. ஆனால் இதைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்கிறவருக்குக் கவுன்ட்டரில் கிடைக்கிற பதிலே வேறாக இருக்கும்.

விரல்களுக்கான அட்டவணைச் சதவீதம் சிலவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆள்காட்டி விரல் முழுதும் என்றால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு 9. நடுவிரல் முழுதும் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ முழுதும் என்றால் 7. ஒரு கையில் மூன்று விரல் 30, நான்கு விரல் 50. ஒரு கண் போய் மற்ற கண் நன்றாக இருந்தால் 40. அட்டவணையில் இல்லாத காயம் என்றால், அல்லது விரல் இருந்தும் மடங்கவில்லை என்றால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று போர்டே பார்த்து முடிவு செய்யும்.

இந்தச் சதவீதமும் யூ.டி.ஐ.டி அட்டையில், அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில், இருக்கும் சதவீதமும் வேறு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கேட்க முடியாது. அட்டைக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு கசப்பான விஷயம். கையில் 18,000 கொடுத்துவிட்டுக் கணக்கில் 10,000 காட்டும் இடங்கள் நம் ஊரில் ஏராளம். பீஸ் ரேட்காரர்களுக்கு இது வாடிக்கை. "பிடித்தம் கொறயுதில்ல" என்று தொழிலாளியும் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார். மாதம் அறுபது ரூபாய் மிச்சம். விரல் போகிற அன்றுதான் தெரியும், வாழ்நாள் பென்ஷனும் அந்த 10,000 கணக்கில்தான் என்று. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால் அதிகப்படியானதைச் சம்பளத்திலேயே சேர்க்கச் சொல்கிறது. கணக்கில் காட்டாத பணத்துக்கு அதுவும் உதவாது.

விபத்து நாளின் தாள்கள்

நிலுவை நிற்பதும் விழுவதும் இங்கேதான். கம்பெனியில் விபத்துப் புத்தகம் இருக்க வேண்டும், அதில் உங்கள் பெயர், நேரம், எப்படி நடந்தது என்று பதிவாக வேண்டும். பிறகு கம்பெனி விபத்து அறிக்கையை ஈ.எஸ்.ஐ கிளை அலுவலகத்துக்கும், டிஸ்பென்சரி டாக்டருக்கும் அனுப்ப வேண்டும். பழைய ஆட்கள் லோக்கல் ஆபீஸ் என்பது இந்தக் கிளை அலுவலகத்தைத்தான். உறுப்பு போகும்படியான காயம் என்றால் உடனே அனுப்ப வேண்டும்.

நடைமுறையில் நடப்பது வேறு. முதலாளியே காரில் ஏற்றிக்கொண்டு போய்த் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார். செலவையும் பார்ப்பார். "ஈ.எஸ்.ஐ எல்லாம் எதுக்குங்க, நாங்க இருக்கறோமில்ல" என்பார். அந்த நேரத்தில் அவர் மனசு நல்ல மனசாகவே இருக்கலாம். ஆனால் அறிக்கை போகாவிட்டால் அது வேலைக் காயமே இல்லை என்று ஆகிவிடும் ஆபத்து உண்டு. அவிநாசிப் பக்கம் மில் ஒன்றில் கார்டிங் மெஷினில் கை மாட்டிய அக்கா ஒருவர் அப்படித்தான் ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் கம்பெனி பார்த்ததில் நெகிழ்ந்துபோய் ஒரு தாளும் கேட்கவில்லை. வருடம் கழித்து மானேஜ்மென்ட் மாறியது. புது மானேஜர் விபத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணும் நடக்கலீங்களே" என்றார். அவரைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் டூட்டி டாக்டர் எழுதியிருந்த அரை வரி: "மில்லில் மெஷினில் சிக்கிய காயம்." அந்தத் தாளையும் அவர் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்ததால்தான் தப்பியது.

அதனால், ஆஸ்பத்திரி எதுவானாலும் எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லி எழுத வையுங்கள். "வீட்டில் விழுந்துட்டேன்" என்று யார் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். கம்பெனி அறிக்கை அனுப்பவில்லை என்று தெரிந்தால், நீங்களே வெள்ளைத் தாளில் தேதி, நேரம், மெஷின், கூட இருந்தவர்கள் பெயர் எழுதிக் கிளை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி உங்கள் சந்தாவைக் கட்டவே இல்லை என்றாலும் ஈ.எஸ்.ஐ உங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கம்பெனியிடம் வசூலிக்க வழி இருக்கிறது. விபத்துக்கு அப்புறம் அவசரமாகப் பதிவு செய்த எண் என்றால் மட்டும் நன்றாகத் துருவுவார்கள், பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

காலக்கெடுவும் உண்டு. பணம் கேட்க வேண்டிய நாள் வந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். தாண்டினால் நீதிமன்றத்தில் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும். பின்தேதியிட்டு வரும் பணம் என்பதால் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

போர்டுக்குப் போவது

இறுதிச் சர்டிபிகேட் வந்ததும் கிளை அலுவலகமே போர்டுக்கு அனுப்பலாம். அனுப்பவில்லை என்றால் நீங்களே எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். அன்றைக்கு எல்லா எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் தாள்களோடு போங்கள். கையில் இருக்கும் குறையை மறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எந்த வேலை முன்பு செய்தீர்கள், இப்போது அதில் எது முடியவில்லை என்று சொல்லுங்கள். "ஓவர்லாக் மெஷினில் துணியைப் பிடித்துத் தள்ள இந்த இரண்டு விரல்தான் வேண்டும்" என்று சொல்கிறவர், "வலிக்குதுங்க" என்று மட்டும் சொல்கிறவரைவிட நன்றாகப் புரியவைக்கிறார்.

தாளில் சதவீதத்தோடு இன்னொன்றும் பாருங்கள்: தற்காலிக முடிவா, இறுதி முடிவா? தற்காலிகம் என்றால் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள், சதவீதம் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். அதற்குள் வருகிற பணத்தை நம்பிப் பெரிய கடன் வாங்க வேண்டாம்.

ஆர்டர் வந்த பிறகு

கிளை அலுவலகத்தில் பென்ஷனுக்கான கோரிக்கைப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். பேங்க் பாஸ்புக் நகல், ஆதார், ஈ.எஸ்.ஐ எண். பெயர் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் இருந்தாலே பணம் திரும்பி வந்துவிடும். தாள்கள் முழுசாகச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முதல் பணம் போட வேண்டும் என்பது விதி. போடவில்லை என்றால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், அடுத்தது கோயமுத்தூர் அல்லது சேலம் துணை மண்டல அலுவலகம். 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

பணம் ஏறியதும் நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் தொடக்கத் தேதி, தின விகிதம், பிடித்தம் ஏதாவது உண்டா என்று இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தேதியில்தான் கோளாறு இருக்கும்.

நிலுவை வரப்போகிறது என்று தெரிந்ததும் புரோக்கர்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று எழுதி வாங்குவார்கள். ஈ.எஸ்.ஐ பணத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் முடியாது, கோர்ட் ஜப்தி செய்யவும் முடியாது. அந்தப் பத்திரம் செல்லாது. எழுதித் தர ஆள் வேண்டும் என்றால் தொழிற்சங்க அலுவலகம் போங்கள்.

சதவீதம் குறைவு என்று நினைத்தால் முடிவு கிடைத்த மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அல்லது நேராக ஈ.எஸ்.ஐ வழக்குகளைப் பார்க்கும் ஈட்டுறுதி நீதிமன்றத்துக்கு. நிலுவையை வாங்கிக்கொண்டதால் மேல்முறையீட்டு உரிமை போகாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. தினசரி விகிதம் மிகச் சிறியதாக இருந்தால், மாதாமாதம் வாங்குவதற்குப் பதில் மொத்தமாக ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். அதற்கு விண்ணப்பித்துப் பணத்தை வாங்கிவிட்டால் மேல்முறையீட்டு வழி அடைபட்டுவிடும். அந்த மொத்தத் தொகையும் நிலுவையும் ஒன்றல்ல. நிலுவை கடந்த நாட்களுக்கு. மொத்தத் தொகை வரப்போகிற வாழ்நாளுக்கு. சுண்டு விரல் நுனி போன இளவயசுப் பையன்கள்தான் பைக் முன்பணத்துக்காக இதில் அவசரப்படுகிறார்கள். சதவீதத்தில் திருப்தி என்று உறுதியான பிறகு போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஈ.எஸ்.ஐ இல்லாதவர்கள், பி.எஃப் இருப்பவர்கள்

சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் நான்கைந்து பேர் ஓட்டுகிற தறிப்பட்டறைகள் ஈ.எஸ்.ஐக்குள் வராது. அங்கே முதலாளியே நேரடியாக இழப்பீடு தர வேண்டும். அது விபத்து நாளன்றே கடனாகிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும், தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். ஈ.எஸ்.ஐயில் வாங்குகிறவர் இதையும் சேர்த்துக் கேட்க முடியாது.

வேலையே செய்ய முடியாதபடி முழு ஊனம் ஆனவருக்கு பி.எஃப் பென்ஷனிலும் உரிமை உண்டு, பத்து வருட சர்வீஸ் தேவையில்லை, ஒரு மாதச் சந்தா போயிருந்தால் போதும். ஊனமான நாளுக்கு அடுத்த நாளிலிருந்து கணக்கு. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். விபத்து பெரியதாக இருக்கும்போது வீட்டில் யாருக்கும் இது ஞாபகம் வருவதில்லை.

நிலுவை வருவதற்குள் தொழிலாளி இறந்துவிட்டால், இறந்த நாள் வரைக்குமான பணம் அவர் பெயர் குறிப்பிட்ட வாரிசுக்குப் போகும். அம்மா பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு கல்யாணமானவர்கள் உடனே போய் மாற்றுங்கள்.

பென்ஷன் ஓடத் தொடங்கியதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஜூன் கணக்குக்கும் டிசம்பர் கணக்குக்கும், உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். மறந்தால் பணம் நிற்கும். விலைவாசியைப் பார்த்து அவ்வப்போது பென்ஷனை உயர்த்துவார்கள், அந்த உயர்வும் சில சமயம் பின்தேதியிட்டு வரும். பாஸ்புக்கில் வழக்கமான தொகைக்கு மேல் ஏதாவது ஏறியிருந்தால் தவறாக வந்ததோ என்று பயந்து கிடக்க வேண்டாம், கிளை அலுவலகத்தில் கேட்டு எந்த மாதங்களுக்கானது என்று பென்சிலில் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.